பெல்ட் போடாமல் கிளம்பாத கார்

சீட் பெல்ட் மாட்டாதவருக்கு எஞ்சினைத் தர மறுத்த ‘இன்டர்லாக்’ 1974 அக்டோபர் 27 அன்று அமெரிக்காவில் மறைந்தது. அதிபர் ஜெரால்டு ஃபோர்டு அன்று கையெழுத்திட்ட சட்டம், அதைப் பொருத்தும்படி அரசு இனி எந்தக் கார் நிறுவனத்தையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்றது. 1973 ஆகஸ்ட் 15க்குப் பிறகு தயாரான கார்களோடு பிறந்த கருவி அது. வாழ்ந்தது பதினான்கு மாதங்கள். அதற்குள் அது வாங்கிய வசவு ஏராளம். உயிர் காக்க வந்த ஒன்று இப்படிப் போனதற்கு யாராவது இரங்கத்தான் வேண்டும்.

அதற்கு இரண்டு அண்ணன்கள் உண்டு. சாவியைப் பூட்டிலேயே விட்டுவிட்டு ஓட்டுநர் கதவைத் திறந்தால் எச்சரிக்க வேண்டும் என்ற விதி 1970இல் வந்தது. கார் திருட்டைக் குறைப்பது அதன் நோக்கம். பெல்ட் மாட்டாமல் வண்டியை எடுத்தால் விளக்கு எரிந்து, பஸ்ஸர் ஒரு நிமிடமாவது ஒலிக்க வேண்டும் என்ற விதி 1972இல் வந்தது. பலர் அந்தச் சத்தத்தைப் பொறுத்துக்கொண்டார்கள். சிலர் வயரைப் பிடுங்கினார்கள். பெல்ட்டை மட்டும் தொடவில்லை. இதற்கிடையே, ஓட்டுகிறவர் எதுவும் செய்யாமலே காக்கும் ஏர்பேக் போன்ற ஏற்பாட்டைக் கட்டாயமாக்க அரசு முனைந்தது. 1971 ஏப்ரலில் ஃபோர்டு கார் நிறுவனத்தின் இரண்டாம் ஹென்றி ஃபோர்டும் லீ அயகோக்காவும் அதிபர் நிக்சனை நேரில் பார்த்து முறையிட்டார்கள். ஏர்பேக் தள்ளிப்போனது. அந்த இடத்துக்கு வந்ததுதான் இன்டர்லாக்.

அதன் ஏற்பாடு எளிமையானது. இருக்கைப் பஞ்சுக்குள் எடையை உணரும் ஒரு ஸ்விட்ச், பெல்ட் கொக்கிக்குள் இன்னொரு ஸ்விட்ச். இரண்டும் ஒரு சிறிய கட்டுப்பாட்டுப் பெட்டிக்குப் போகும். முதலில் உட்கார வேண்டும், பிறகு பெல்ட் மாட்ட வேண்டும், அப்புறம்தான் ஸ்டார்ட்டருக்குக் கரண்ட் போகும். பெல்ட்டை நிரந்தரமாகப் பூட்டி வைத்து அதன் மேல் உட்காருகிறவர்களைத் தடுக்கவே இந்த வரிசை. முன்னிருக்கைப் பயணிக்கும் இதே கணக்கு.

இடறியதும் அந்தப் பயணி இருக்கையில்தான். எடை இருக்கிறது என்பது பெட்டிக்குத் தெரியும். அந்த எடை மனிதரா, மளிகைப் பையா, நாயா என்று தெரியாது. குடும்பக் காரில் பையைப் பின்னால் போட்டுவிடலாம். எம்ஜிபி, டிரையம்ஃப் டிஆர்6, போர்ஷே 914 போன்ற ஸ்போர்ட்ஸ் கார்களில் கைப்பையோ கோட்டோ வைக்க எளிதாக எட்டும் இடம் பக்கத்து இருக்கைதான். பைக்குப் பெல்ட் மாட்டினால்தான் வண்டி கிளம்பும். கருவியே பழுதானால் பானெட்டுக்கு அடியில் ஒரு அவசர ஸ்விட்ச் உண்டு; அழுத்தினால் ஒரே ஒரு முறை ஸ்டார்ட் ஆகும். கொட்டும் மழையில் பானெட்டைத் தூக்கியவர் மனத்தில் பாதுகாப்பைப் பற்றி என்ன நல்லெண்ணம் மிஞ்சியிருக்கும்?

கோபம் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸுக்குப் போனது. நியூ ஹாம்ப்ஷயர் உறுப்பினர் லூயிஸ் வைமன் கீழவையில் முன்னின்று இன்டர்லாக்கை எதிர்த்தார். இரு கட்சிகளும் சேர்ந்து அதை ஒழித்தன. கோபம் அதோடு அடங்கவில்லை. அரசு விதி கேட்கும் பஸ்ஸர் எட்டு விநாடிக்கு மேல் ஒலிக்கவும் கூடாது என்று அதே சட்டம் வரம்பு கட்டியது. அந்த வரம்பு 2012 வரை நீடித்தது.

சட்டம் கருவியைக் கொன்றது. காருக்குள் கிடந்த உடலை அப்புறப்படுத்தவில்லை. இங்கிலாந்தின் ஆபிங்டனில் செய்து அமெரிக்காவுக்கு அனுப்பிய 1974ஆம் ஆண்டு எம்ஜிபி ஒன்றின் டேஷ்போர்டுக்கு அடியில் இன்று தலையை நுழைத்தால் அதன் மிச்சத்தைப் பார்க்கலாம்: எதனோடும் சேராத கனெக்டர்கள், டேப் சுற்றிய முனைகள், கார்ப்பெட்டுக்குள் போய் மறையும் வயர்கள். ஐம்பது ஆண்டுகளில் கைமாறிய ஒவ்வொரு உரிமையாளரும் கொஞ்சம் வெட்டியிருப்பார், கொஞ்சம் ஒட்டியிருப்பார். திடீரென்று ஒருநாள் காரணமே இல்லாமல் பஸ்ஸர் அலறும்.

காரணம் இருக்கிறது. இந்தக் கார்களில் பாட்டரியின் நெகட்டிவ் முனை பாடியோடு சேர்ந்திருக்கும், பாடிதான் எர்த். கதவு ஸ்விட்ச், கதவு திறந்ததும் தன் வயரைப் பாடியோடு சேர்க்கும், அதுவே சிக்னல். அப்படிப்பட்ட வயர் ஒன்று வெட்டுப்பட்டு, டேப் உரிந்து, பாடித் தகட்டைத் தொட்டால் போதும், மூடிய கதவும் சர்க்யூட்டுக்குத் திறந்த கதவுதான். சாவித் துளைக்குள் இருக்கும் சிறு ஸ்விட்ச் தேய்ந்து ஒட்டிக்கொண்டால், சாவியைக் கையில் எடுத்த பிறகும் சாவி உள்ளே இருப்பதாகவே கணக்கு. எர்த் ஸ்க்ரூ துருப்பிடித்தால் கரண்ட் சும்மா நிற்காது. பக்கத்து பல்பு வழியாகப் பாதை தேடும். சம்பந்தமில்லாத விளக்கு மங்கலாக எரிவது அதனால்தான்.

தேட வழி உண்டு. எம்ஜிபியில் இருக்கும் லூகாஸ் நிறுவன வயரிங்கில் நிறமே வரைபடம். பழுப்பு என்றால் எப்போதும் கரண்ட் உள்ள வயர். ஊதா என்றால் அதுவே ஃப்யூஸ் வழியாக வந்தது. வெள்ளை, சாவி திருப்பினால் உயிர் பெறும். பச்சை, அதன் ஃப்யூஸ் வழிக் கிளை. கறுப்பு எர்த். மேலே ஓடும் மெல்லிய கோடு எந்தக் கிளை என்று சொல்லும். பாட்டரியின் எர்த் கேபிளைக் கழற்றி, இடையில் ஒரு டெஸ்ட் லேம்ப்பை மாட்டுங்கள். எல்லாம் அணைந்திருக்கும்போதும் அது எரிந்தால் எங்கோ கரண்ட் கசிகிறது. ஃப்யூஸை ஒவ்வொன்றாக எடுங்கள். எதை எடுத்ததும் லேம்ப் அணைகிறதோ, குற்றவாளி அந்தப் பாதையில். பிறகு அந்தப் பாதையின் கனெக்டர்களை ஒவ்வொன்றாகப் பிரியுங்கள். பஸ்ஸரை வெட்டிப் போடுவது நிமிட வேலை. ஆனால் தகட்டைத் தொடும் வயர் அங்கேயே இருக்கும். பாட்டரியை இரவெல்லாம் வடிக்கலாம், அடுத்து வாங்குகிறவரைத் திணறடிக்கலாம்.

இன்டர்லாக்கை முட்டாள் கருவி என்று சொல்வது எளிது. அதற்குத் தெரிந்தது இரண்டு ஸ்விட்சுகள் மட்டுமே. அந்தச் சிற்றறிவை வைத்துக்கொண்டு இறுதித் தீர்ப்பு சொல்ல வைத்தது நாம். தவறிவிடக்கூடிய ஸ்விட்சிடம் வேண்டுகோளை ஒப்படைக்கலாம், அதிகாரத்தை ஒப்படைக்கக் கூடாது என்பதை அது உயிரைக் கொடுத்துக் கற்பித்தது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 1970இலேயே பெல்ட் மாட்டுவதை மனிதர் மேல் விழும் கடமையாக்கியிருந்தது. அமெரிக்காவில் அப்படி முதலில் சட்டம் இயற்றிய மாநிலம் நியூயார்க், ஆண்டு 1984. இன்டர்லாக் மறைந்ததற்கும் அதற்கும் இடைப்பட்ட பத்து ஆண்டுகள், பெல்ட்டைத் தொடாமல் சாலையில் போனவர்களுக்கு எட்டு விநாடி எச்சரிக்கைதான் மிஞ்சியது. எரிச்சலூட்டிய கருவியை ஒழித்த அவசரத்தில், அது கேட்ட நியாயமான கேள்வியையும் சேர்த்து ஒழித்ததன் விலை அந்தப் பத்து ஆண்டுகள்.

அத்தகைய கார் உங்கள் கைக்கு வந்தால், அந்த வயர்களைக் கண்ட இடத்தில் வெட்டாதீர்கள். முனை முதல் முனை வரை தொடர்ந்து போய், எது எதற்கென்று சீட்டு எழுதிக் கட்டுங்கள். தேவையில்லாததை முழுதாகக் கழற்றி, என்ன செய்தீர்கள் என்பதை மேனுவலில் குறித்து வையுங்கள். பிறகு உட்கார்ந்து, பெல்ட்டை மாட்டி, சாவியைத் திருப்புங்கள். அந்த வரிசை சரியானது. 1974லும் சரியாகத்தான் இருந்தது.