படம் கழுவும் கலையின் கதை



நம் தோட்டத்து வீடுகளில் பெரும்பாலும் ஓர் இரும்புப் பெட்டி இருக்கும். பிறப்புப் பத்திரம், பழைய அடையாளக் கார்டு, நகைக்கடை ரசீது ஆகியவற்றோடு பழுப்பேறிய ஒரு காகித உறையும் அதற்குள் கிடக்கும். உறையைத் திறந்தால் கல்யாணப் படமோ, காலமான தாத்தாவின் படமோ வெளிவரும். அந்தப் படத்தோடு ஒட்டிக்கொண்டு சில கறுப்புத் துண்டுகளும் வருவதைப் பார்த்திருப்பீர்கள். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால், கறுத்த முடி வெளுத்துத் தெரியும். வெள்ளை வேட்டி கறுத்துத் தெரியும். பிள்ளைகள் அதைப் பேய்ப் படம் என்று சொல்லிச் சிரிப்பார்கள். வீடு மாறும்போது பெரியவர்களோ, "இது எதற்கு?" என்று குப்பையில் போட்டுவிடுவார்கள்.

அந்தக் கறுப்புத் துண்டின் வரலாற்றைத்தான் இன்று காணப் போகிறோம். அதைக் குப்பையில் போடலாமா, கூடாதா என்பதை முடிவில் நீங்களே சொல்லுங்கள்.

வெள்ளி கலந்த சில உப்புகள் வெளிச்சம் பட்டால் கறுக்கும். ஜெர்மனி நாட்டு அறிஞர் ஷூல்ட்சே 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இதைக் கண்டுகொண்டார். ஆனால் கறுத்த உருவத்தை நிலைக்க வைக்கும் வழி அன்று யாருக்கும் தெரியவில்லை. வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தால், மிச்சமிருந்த வெண்மையும் கறுத்து, உருவமே மறைந்துபோகும்.

பிரான்ஸ் நாட்டு நியப்ஸ் என்பவர் வேறு வழியில் முயன்றார். ஓர் உலோகத் தகட்டில் ஒருவகைத் தாரைப் பூசி, அதைக் கேமரா பெட்டிக்குள் வைத்து, தம் வீட்டுச் சன்னலில் நிறுத்தினார். வெளிச்சம் பட்ட இடத்தில் தார் இறுகியது. படாத இடத்துத் தாரை எண்ணெய் விட்டுக் கழுவி எடுத்தார். கூரைகளும் சுவர்களும் மங்கலாகத் தெரிந்தன. கேமராவில் எடுத்து இன்றுவரை தப்பியிருக்கும் மிகப் பழைய படம் அதுதான். 1826 அல்லது 1827-ஆம் ஆண்டு அது எடுக்கப்பட்டது.

1839-ஆம் ஆண்டு நியப்ஸின் கூட்டாளியான தாகேர், வெள்ளி பூசிய தகட்டில் மிகத் தெளிவான படம் எடுக்கும் முறையை வெளியிட்டார். உலகமே வியந்தது. ஆனால் அதில் ஒரு குறை இருந்தது. ஒரு தகட்டில் ஒரு படம்தான். அண்ணனுக்கு ஒன்று, தங்கைக்கு ஒன்று என்று பிரதி எடுக்க முடியாது.

அந்தக் குறையைத் தீர்த்தவர் இங்கிலாந்தின் பாக்ஸ் டால்பட். 1835-ஆம் ஆண்டிலேயே அவர் வெள்ளி உப்பு தோய்ந்த காகிதத்தில் ஒரு சிறு படம் எடுத்தார். அதில் வெளிச்சம் கறுப்பாகவும் நிழல் வெளுப்பாகவும் விழுந்தன. பிறகு அவருக்கு ஒரு யோசனை தோன்றியது. அந்தத் தலைகீழ்ப் படத்தை இன்னொரு காகிதத்தின்மேல் வைத்து வெயில் காட்டினால், கறுப்பு வெளுத்து, வெளுப்புக் கறுத்து, சரியான படம் கிடைக்குமல்லவா? ஒன்றிலிருந்து எத்தனை பிரதி வேண்டுமானாலும் எடுக்கலாமல்லவா? உங்கள் பெட்டியிலுள்ள கறுப்புத் துண்டு இந்த யோசனையின் பிள்ளைதான். அதை நெகட்டிவ் என்கிறோம். தாய்ப்படம் என்று சொன்னாலும் பொருந்தும்.

டால்பட் 1840-இல் இன்னொன்றையும் கண்டார். சிறிது நேரமே வெளிச்சம் பட்ட காகிதத்தில் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் உருவம் அதற்குள் ஒளிந்திருக்கும். அதைக் காலிக் அமிலமும் வெள்ளி உப்பும் கலந்த நீரில் நனைத்தால், உருவம் மெல்ல எழுந்து வரும். காலிக் அமிலம் எதிலிருந்து கிடைத்தது தெரியுமா? நம் பாட்டிமார் குழந்தைகளுக்கு உரைத்துக் கொடுத்தார்களே, அந்த மாசிக்காயின் துவர்ப்பில் இருப்பது அதுதான். படம் கழுவுதல் என்று நாம் சொல்லும் கலை இப்படித்தான் பிறந்தது. கழுவிய உருவம் மறுபடி கறுத்துப் போகாமல் நிறுத்த, ஹைப்போ என்னும் உப்பு உதவும் என்பதை ஜான் ஹெர்ஷல் என்ற அறிஞர் 1839-இல் எடுத்துக்காட்டினார். அந்த ஹைப்போ இன்றும் கடையில் கிடைக்கிறது.

இனி, இந்தக் கலை நம் மண்ணுக்கு வந்த கதையைப் பார்ப்போம்.

1843-ஆம் ஆண்டு டிசம்பரில், சிங்கப்பூரில் தங்கும் விடுதி நடத்திய டூட்ரோன்குவா என்பவர், படம் எடுத்துத் தருவதாகப் பத்திரிகையில் விளம்பரம் செய்தார். அதற்குச் சுமார் இருபது ஆண்டுகளுக்குப் பின், ஜான் தாம்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் பினாங்கிற்கு வந்து, பல மாதங்கள் தங்கிப் படமெடுத்தார். 1875-இல் அவர் வெளியிட்ட பயண நூலில் ஒரு செய்தி இருக்கிறது. நம்மில் பலர் அறியாத செய்தி அது. வேறு சிலர் இதைப் பேய் வேலை என்று அஞ்சி ஒதுங்கியபோது, சென்னை மாகாணத்திலிருந்து வந்த இருவரைத் தாம் பழக்கி, உதவியாளராகவும் படங்களை அச்சிடுபவராகவும் வைத்துக்கொண்டதாக அவர் எழுதியிருக்கிறார். அக்காலத்தில் அந்த மாகாணத்திலிருந்து பினாங்கிற்கு வந்தவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள் என்பதை நாம் அறிவோம்.

அந்த வேலை இலேசானதன்று. அன்று பிலிம் கிடையாது, கண்ணாடித் தகடுதான். 1851-இல் ஆர்ச்சர் என்பவர் கண்டுபிடித்த ஈரத்தகட்டு முறை அப்போது வழக்கத்தில் இருந்தது. கண்ணாடியின்மேல் பசை போன்ற ஒரு திரவத்தை ஊற்றி, சாயாமல் சிந்தாமல் நாற்புறமும் ஓட விட வேண்டும். இருட்டுக் கூடாரத்துக்குள் அதை வெள்ளி உப்பு நீரில் தோய்த்து, காய்வதற்குள் கேமராவில் வைத்துப் படம் எடுத்து, காய்வதற்குள் கழுவியும் ஆக வேண்டும். நம் நாட்டு வெயிலில் எத்தனை விரைவாகக் காயும்! பிறகு முட்டை வெள்ளைக்கரு பூசிய காகிதத்தைத் தகட்டோடு சேர்த்து வெயிலில் வைத்து, பதம் பார்த்து எடுத்து, பல தண்ணீரில் அலச வேண்டும். பாலில் ஆசிட் ஊற்றி உறைய வைத்த அனுபவமுள்ள நம் பெரியவர்களுக்குப் பதம் என்றால் என்னவென்று சொல்லித் தர வேண்டியதில்லை. ஒரு சொட்டு கூடினாலும் குறைந்தாலும் பால் கெட்டுவிடும். படமும் அப்படித்தான். வெள்ளி உப்பு பட்ட விரல்கள் கறுத்துப் போகும், சோப்புக்கும் போகாது.

தாம்சன் எடுத்த படங்கள் இன்று பெரிய காப்பகங்களில் இருக்கின்றன. அந்த இருவர் பெயரையும் அவர் எழுதவில்லை. ஆனால் கறுத்த விரல்களோடு அவர்கள் கற்ற கலை, பினாங்கில் நம்மவர் கைக்கு ஏறக்குறைய 160 ஆண்டுகளுக்கு முன்பே வந்துவிட்டது.

பிறகு காலம் மாறியது. 1871-இல் மேடாக்ஸ் என்ற மருத்துவர், காய்ந்த நிலையிலேயே பயன்படும் தகட்டைக் கண்டுபிடித்தார். 1888-இல் அமெரிக்காவின் ஜார்ஜ் ஈஸ்ட்மன், கோடாக் என்ற சிறு கேமராவை 25 டாலருக்கு விற்றார். அதில் 100 படங்கள் எடுக்கலாம். எடுத்து முடிந்ததும் கேமராவையே தொழிற்சாலைக்கு அனுப்பிவிட்டால், அவர்களே கழுவி அச்சிட்டு அனுப்புவார்கள். 1900-ஆம் ஆண்டு அவருடைய நிறுவனம் ஒரே ஒரு டாலருக்குப் பிரவுனி கேமராவைக் கொண்டுவந்தது. சாதாரண மக்களும் படம் எடுக்க வழி பிறந்தது. இது பெரிய நன்மைதான். ஆனால் படம் எடுத்தவருக்கு, படம் எப்படி உண்டாகிறது என்பது தெரியாமல் போனது. கழுவும் கலை தொழிற்சாலைக்கும் ஸ்டூடியோவுக்கும் போய்ச் சேர்ந்தது.

நம் தோட்ட மக்களில் பலரும் முதன்முதலாகக் கேமராவுக்கு முன் நின்றது பண்டிகைக்காக அன்று. 1948-இல் அவசரகாலம் பிறந்தது. 12 வயதும் அதற்கு மேலும் உள்ள ஒவ்வொருவரும் படமும் கைரேகையும் உள்ள அடையாளக் கார்டு வைத்திருக்க வேண்டும் என்று அரசாங்கம் ஆணையிட்டது. அந்தச் சின்னஞ்சிறு படம்தான் எத்தனையோ குடும்பங்களில் தாத்தாவின் ஒரே முகம். அதன்பிறகே பட்டணத்து ஸ்டூடியோவில், வரைந்த திரைக்கு முன்னே, கைக்கடிகாரம் தெரியக் கையை மடக்கி அமர்ந்த படங்கள் வந்தன.

1975-இல் கோடாக் நிறுவனத்தின் பொறியாளர் ஸ்டீவன் சாசன், பிலிமே இல்லாத கேமரா ஒன்றைச் செய்து காட்டினார். ஒரு படத்தை ஒலிநாடாவில் பதிய அதற்கு 23 வினாடி ஆனது. அன்று அது விளையாட்டுப் பொருளாகத் தோன்றியது. ஆனால் 2000-க்குப் பின் அந்த முறையே உலகை ஆண்டது. ஸ்டூடியோக்கள் பல மூடப்பட்டன. புகழ்பெற்ற கோடாக்ரோம் வண்ணப் பிலிம் 2009-இல் நிறுத்தப்பட்டது. 2012-இல் கோடாக் நிறுவனமே நீதிமன்றத்தில் கடன் பாதுகாப்புக் கேட்டு நின்றது. பிலிமின் கதை முடிந்தது என்றார்கள்.

முடியவில்லை, நேயர்களே! கைத்தொலைபேசியில் நாளெல்லாம் படமெடுத்துப் பழகிய இளைஞர்களே பிலிமைத் தேடத் தொடங்கினார்கள். நிறுத்தப்பட்ட எக்டாக்ரோம் பிலிம் 2018-இல் மீண்டும் கடைக்கு வந்தது. 2024-இல் பெந்தாக்ஸ் நிறுவனம் புதிய பிலிம் கேமராவையே வெளியிட்டது. பிலிமைத் தங்கள் வீட்டிலேயே கழுவுவோரும் பெருகினர். அதற்கு வழிகாட்டியவற்றுள் ஒன்று நம் அடுப்படிப் பொருள். 1995-இல் அமெரிக்காவின் ரோச்செஸ்டர் தொழில்நுட்பக் கழகத்தில், ஸ்காட் வில்லியம்ஸ் என்ற ஆசிரியரும் அவர் மாணவர்களும் காப்பியையும் சலவைச் சோடாவையும் கலந்து படம் கழுவிக் காட்டினார்கள். பின்னர் அதோடு வைட்டமின் சி-யும் சேர்ந்தது. மாசிக்காயில் இருந்ததைப் போன்ற துவர்ப்புச் சத்து காப்பியிலும் இருக்கிறது. வெளிச்சம் பட்ட வெள்ளி உப்பை அது கறுத்த வெள்ளித் துகளாக மாற்றுகிறது. டால்பட்டின் மாசிக்காய் 150 ஆண்டு கழித்துக் காப்பிக் கோப்பையில் திரும்பி வந்தது எனலாம்.

இதைக் கேள்விப்பட்ட நாங்கள், எங்கள் தோட்டப் பள்ளியின் சாமான் அறையில் முயன்று பார்த்தோம். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 54 கிராம் சலவைச் சோடா, 16 கிராம் வைட்டமின் சி தூள், வெந்நீரில் உடனே கரையும் காப்பித்தூள் 40 கிராம். ஆப்ப சோடா இதற்கு ஆகாது. நாற்றமோ சொல்லி முடியாது! கலவையையும் ஹைப்போவையும் ஆசிரியர்களே கையாண்டோம், பிள்ளைகள் பார்த்தார்கள்.

முதல் சுருள் பாழானது. பிழை எங்களுடையது. சினிமாவில் பார்த்ததுபோல் சிவப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு பிலிமைச் சுற்றினோம். சிவப்பு வெளிச்சம் அச்சிடும் காகிதத்தைத்தான் கெடுக்காது. இக்காலப் பிலிமைக் கெடுத்துவிடும். சுருள் முழுவதும் கரியாய் வந்தது. 36 படமும் போயிற்று. பிள்ளைகள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

இரண்டாம் முறை கும்மிருட்டில், கைத்தடவலாகவே பிலிமைச் சுற்றி, வெளிச்சம் புகாத டப்பாவில் அடைத்தோம். கலவையின் சூடு 20 டிகிரி இருக்க வேண்டும்; நம் குழாய்த் தண்ணீரோ 28-க்குக் குறையாது. ஆகையால் வாளியில் ஐஸ் கட்டி போட்டு, அதில் பாத்திரத்தை வைத்துக் குளிர வைத்தோம். 15 நிமிடம் காப்பிக் கலவை, பிறகு தண்ணீர், பிறகு ஹைப்போ, மறுபடி நெடுநேரம் தண்ணீர். டப்பாவைத் திறந்து சுருளைத் தூக்கியபோது, "சார், நம்ம கோயில்!" என்று ஒரு சிறுவன் கத்தினான். தலைகீழ் நிறத்திலும் தன் தோட்டத்துக் கோயிலை அவன் கண்டுகொண்டான்.

அச்செய்தி கேட்டு ஒரு பாட்டி பள்ளிக்கு வந்தார். அவர் பிறந்து வளர்ந்த தோட்டம் துண்டாடப்பட்டு, இன்று வீடமைப்புப் பகுதியாகிவிட்டது. லயத்து வீடுகள் இல்லை, கோயிலும் இல்லை. அண்ணனோடு அந்தக் கோயில் வாசலில் நின்று எடுத்த ஒரே படம், மழை ஒழுகிக் கண்ணாடியோடு ஒட்டிக் கிழிந்துவிட்டது. ஆனால் உறைக்குள் கறுப்புத் துண்டு ஒன்று தப்பியிருந்தது. அதைத் துடைத்து, காகிதத்தில் வைத்து அச்சிட்டுக் கொடுத்தோம். பாட்டி முதலில் அண்ணனைப் பார்க்கவில்லை. அவருக்குப் பின்னால் தெரிந்த லயத்தில் கதவுகளை விரலால் எண்ணி, "இதுதான் எங்க வீடு" என்றார்.

நேயர்களே, எல்லாரும் காப்பியில் படம் கழுவ வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. அந்தக் கறுப்புத் துண்டுகளை மட்டும் எறிந்துவிடாதீர்கள். விரல் படாமல் ஓரத்தைப் பிடித்து எடுங்கள். பிளாஸ்டிக் பையில் வேர்க்க விடாமல் சுத்தமான காகிதத்தில் சுற்றி, ஈரம் அண்டாத இடத்தில் வையுங்கள். உறையின்மேல் யார், எந்தத் தோட்டம், எந்த ஆண்டு என்று எழுதி வையுங்கள். பினாங்கில் வேலை செய்த அந்த இருவர் பெயரை எழுதி வைக்க அன்று ஆளில்லை. நம் வீட்டுப் பெரியவர்கள் பெயரை எழுதி வைக்க இன்று நாம் இருக்கிறோம்.