இராமானுசரின் ஊகமும் நிறுவல் கற்கும் நெறியும்

கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர் முதலாய கீழைக்கரை ஊர்களில் உயர்தரக் கணிதம் பயிலும் மாணாக்கருள், தேற்றத்தின் நிறுவலை வரிக்கு வரி மனனஞ் செய்து பரீட்சைத் தாளில் இறக்கி வைப்போர் பலர். பிறவிடத்து மாணாக்கரும் இதற்கு விலக்கல்லர். நிறுவல் என்பது முடிபுக்குச் சூட்டப்படும் அணியன்று. முடிபு எதுவரை செல்லும், எங்கே நிற்கும் என்பதைக் காட்டும் எல்லைக்கல். இவ்வுண்மையை விளக்குதற்குக் கணித வரலாற்றில் நம் இனத்தவர் ஒருவரின் வாழ்வே தக்க சான்றாக உளது.

கும்பகோணத்து இராமானுசர் (1887–1920) இளமையிற் பயின்றது கார் என்பார் தொகுத்த ஒரு நூல். ஆயிரக்கணக்கான முடிபுகளை நிரல்படுத்திய அந்நூல் நிறுவல்களைப் பெரும்பாலும் குறிப்பளவில் விட்டுச் சென்றது. இராமானுசரும் அவ்வாறே எழுதப் பழகினார். 1913 சனவரியில் அவர் அனுப்பிய கடிதத்தைக் கண்டு வியந்த கேம்பிறிட்ஜ் கணிதவியலாளர் ஹார்டி, மறுமொழியில் நிறுவல்களையே முதன்மையாகக் கேட்டார். அவர் கேட்டதிற் காரணம் இருந்தது. முதன்மை எண்களின் தொகை பற்றி இராமானுசர் கொண்டிருந்த முடிபு பிழையென்பது பின்னர்த் தெளிவாயிற்று.

எனினும் நிறுவலின் தேவையை இதனினும் நுட்பமாக உணர்த்துவது பிரிவினை எண்களின் வரலாறு. 4 என்னும் எண்ணை 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1 என ஐந்து வகையாகப் பிரிக்கலாம். ஆகவே 4 இன் பிரிவினை எண் 5. மக்மகோன் என்பார் 200 வரையுள்ள பிரிவினை எண்களைக் கையாற் கணித்து அட்டவணையிட்டார். 200 க்குரியது 3972999029388. இவ்வட்டவணையை நோக்கிய இராமானுசர், 4, 9, 14, 19 என ஐந்தைந்தாய்ச் செல்லும் எண்களின் பிரிவினை எண்களாகிய 5, 30, 135, 490 யாவும் 5 இன் மடங்காதலைக் கண்டார். கண்டதோடமையாது 1919 இல் நிறுவியுங் காட்டினார்.

அந்நிறுவலின் உயிர்நிலை மிக எளியது. ஒரு வர்க்க எண்ணை 5 ஆல் வகுப்பின் மீதி 0, 1, 4 என்பவற்றுள் ஒன்று. வர்க்கத்தின் இருமடங்கை வகுப்பின் 0, 2, 3 என்பவற்றுள் ஒன்று. முன்னதில் ஒன்றையும் பின்னதில் ஒன்றையும் கூட்டி 5 இன் மடங்கு பெறவேண்டின், இரண்டும் 0 ஆதல் வேண்டும். இக்கணக்கில் 5 க்குப் பதில் 3 ஐ இட்டுப் பார்க்க. மீதிகள் 0, 1 எனவும் 0, 2 எனவும் அமையும், 1 உம் 2 உம் கூடி 3 ஆகும், மூட்டுக் கழன்றுவிடும். நிறுவலைக் கற்பவன் செய்யத்தக்கது இதுவே: நிபந்தனை ஒன்றை மாற்றி, எவ்வரியில் நிறுவல் முறிகிறதெனத் தேடுதல். முறியும் வரியைக் கண்டவனுக்கு ஏனைய வரிகள் தாமே நினைவில் நிற்கும். மருதமுனைத் தறியில் துணியின் கோலத்தை மட்டும் பார்த்துப் பாவோட்ட முடியுமா? எந்த இழை எதனைத் தாங்குகிறதென்பது தெரிதல் வேண்டும்.

இராமானுசர் மேலும் சென்று ஓர் ஊகம் உரைத்தார். ஓர் எண்ணின் 24 மடங்கில் ஒன்று குறைய 5, 7, 11 ஆகியவற்றுள் ஒன்றன் வலுவால் வகுபடுமாயின், அவ்வெண்ணின் பிரிவினை எண்ணும் அதே வலுவால் வகுபடும் என்பது அது. 5 என்னும் எண்ணுக்கு 119 வரும்; அது 7 ஆல் வகுபடும்; 5 இன் பிரிவினை எண் 7. 47 க்கு 1127 வரும். அது 49 ஆல் வகுபடும். பிரிவினை எண் 124754, அதுவும் 49 ஆல் வகுபடும். அடுத்த வலு 343. அதற்குரிய மிகச் சிறிய எண் 243. மக்மகோனின் அட்டவணையோ 200 உடன் முடிந்துவிட்டது!

ஹன்சுராஜ் குப்தா அட்டவணையை 300 வரை நீட்டினார். அதனை ஆராய்ந்த சௌலா 1934 இல் குறையைக் கண்டார். 243 இன் பிரிவினை எண் 133978259344888. அது 49 ஆல் வகுபடும், 343 ஆல் வகுபடாது. இராமானுசர் மறைந்து 14 ஆண்டுகள் கழிந்திருந்தன. பல எண்களில் பொய்க்காத ஒன்று ஓரெண்ணிற் பொய்த்தது.

ஊகம் முழுதும் வீழ்ந்துவிடவில்லை. 1938 இல் வாட்சன் 5 இன் வலுக்களுக்கு அதனை நிறுவினார். 7 க்குத் திருத்திய வடிவையும் நிறுவினார். அத்திருத்தத்தின்படி 7 இன் வலு 1, 2, 3 ஆக உயரும்பொழுது விடையில் உறுதியாகக் கிட்டும் வலு 1, 2, 2 என்றே அமையும். முதலிரு படிகளிலும் ஊகமும் உண்மையும் ஒன்றாயிருந்தமையாற்றான் அட்டவணை மட்டும் நோக்கியவர்க்கு வேற்றுமை புலப்படவில்லை. வாட்சனின் நிறுவலிலோ அது முதற்கண்ணே புலப்படும். 11 இன் வலுக்கள் எஞ்சிநின்றன. அவற்றுக்கு இராமானுசர் உரைத்தது உரைத்தபடியே மெய்யென்பதை அற்கின் 1967 இல் நிறுவினார்.