சாகசச் சுற்றுலாக் கல்வி: தஞ்சோங் மாலிம் வட்டாரம்

சாகசச் சுற்றுலா என்பது உடலுழைப்பும் ஓரளவு ஆபத்தும் கலந்த பயணத்தைக் கட்டணத்துக்கு நடத்தித் தரும் தொழில். மலையேற்றம், வேக நீரோட்டத்தில் ரப்பர் படகு விடுதல், குகைக்குள் தவழ்தல், பாறையேற்றம் எல்லாம் இதில் அடங்கும். மலேசியாவில் இவற்றை 'அக்திவித்தி லாசாக்' என்று மொத்தமாகச் சொல்லிவிடுவார்கள். பல்கலைக்கழகத்தில் இதை அறிமுகப் பாடமாக எடுப்பவர் பயண வணிகம், புவியியல், உளவியல், சட்டம் என நான்கையும் கொஞ்சம் கொஞ்சம் தொட வேண்டியிருக்கும்.

இந்தப் பாடத்துக்குத் தஞ்சோங் மாலிமைவிடப் பொருத்தமான பெயர் கொண்ட ஊர் கிடைப்பது அரிது. பேராக் மாநிலத்தின் தென்கோடியில், பெர்னாம் ஆற்றங்கரையில் இருக்கிறது; ஆற்றைத் தாண்டினால் சிலாங்கூர். மலாய் மொழியில் 'மாலிம்' என்றால் வழிகாட்டி. மலைக்கு அழைத்துச் செல்பவரை இன்றும் 'மாலிம் குனோங்' என்பார்கள். ஆசிரியரைக் குறிக்கும் 'முஅல்லிம்' என்ற அரபுச் சொல்தான் இதன் வேர். கப்பலுக்கு வழி காட்டியவரை நாம் 'மாலுமி' என்றதும் அதே வேரிலிருந்துதான்.

ஆசிரியர் என்ற பொருளும் ஊருக்குப் பொருந்துகிறது. 1922 நவம்பரில் இங்கே தொடங்கிய சுல்தான் இத்ரிஸ் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி, 1997 மே 1 அன்று சுல்தான் இத்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. தமிழ்மொழிக் கல்வியும் விளையாட்டு அறிவியலும் அங்கே பட்டப்படிப்புகளாக உள்ளன. கல்லூரி பல்கலைக்கழகமான அதே 1997 மே மாதம் 23ஆம் தேதி எவரெஸ்ட் உச்சியை முதன்முதலில் தொட்ட மலேசியர்கள் இருவரும் தமிழர்கள்: மகேந்திரன், மோகனதாஸ்.

உடல் துணிச்சலைப் பாடமாக்கும் முயற்சியும் ஒரு வகையில் மாலுமிகளிடமிருந்தே வந்தது. 1941இல் வேல்ஸ் கடற்கரையில் கல்வியாளர் குர்ட் ஹானும் கப்பல் நிறுவன அதிபர் லாரன்ஸ் ஹோல்ட்டும் 'அவுட்வர்ட் பவுண்ட்' பள்ளியைத் தொடங்கினார்கள். போரில் கப்பல் மூழ்கியபோது அனுபவம் குறைந்த இளைஞர்கள் தாக்குப்பிடிக்காமல் போனதே ஹோல்ட்டின் கவலை. அந்த வழிமுறை 1954இல் பேராக்கின் லூமுட்டுக்கு வந்தது. டார்ஜிலிங்கில் இமய மலையேற்றப் பயிற்சி நிலையம் தொடங்கியதும் அதே ஆண்டில்தான்.

பாடத்தின் அடிப்படைக் கருத்து, தோன்றும் ஆபத்து வேறு, உண்மை ஆபத்து வேறு என்பது. கயிற்றில் தொங்குபவருக்குக் கால் நடுங்கும். கயிறு சரியாகக் கட்டப்பட்டிருந்தால் உண்மை ஆபத்து குறைவு. அருவிக்கரையில் சோற்றுப் பொட்டலம் பிரிப்பவருக்குப் பயமே இல்லை; அங்கேதான் உயிர் போகிறது. 1986இல் மார்ட்டின், பிரீஸ்ட் என்ற இரு ஆய்வாளர்கள் திறமையையும் ஆபத்தையும் இரு அச்சுகளில் வைத்து வரைந்த படம் பெரும்பாலான பாடநூல்களில் இருக்கிறது. இரண்டும் ஈடாக நிற்கும் இடம் சாகசத்தின் உச்சம். ஆபத்து கூடக் கூட விபத்து, அதற்கப்பால் பேரழிவு. தன் திறமையைத் தானே கூட்டி மதிப்பிடும் புதியவர்தான் படத்தில் தவறான இடத்தில் நிற்கிறார்.

இதை வகுப்பறையைவிட ஆற்றங்கரையில் விளக்குவது சுலபம். தித்திவங்சா மலைத்தொடரிலிருந்து இறங்கும் ஓடைகளில் 'கெப்பாலா ஆயர்' என்ற திடீர் வெள்ளம் வரும். நாம் நிற்கும் இடத்தில் வெயில் அடிக்கலாம்; மழை மேலே மலையில் பெய்திருக்கும். கூழாங்கல் தெரிந்த தண்ணீர் 'தே தாரிக்' என்ற பால் தேநீரின் நிறத்துக்கு மாறும், இலையும் சுள்ளியும் மிதந்து வரும், மேலிருந்து இரைச்சல் கேட்கும். அப்போது பையைத் தேடக் கூடாது, கரையேறி மேட்டுக்குப் போக வேண்டும்.

ஊருக்கு வடகிழக்கே இருக்கும் லியாங் மலை 1,900 மீட்டருக்கு மேல் உயரம்; புதியவர்களுக்கு உரியதல்ல. அங்கே போகிறவர்களின் காலில் பார்த்தால் பெரும்பாலும் 'அடிடாஸ் கம்போங்'. கறுப்பு ரப்பரில் ஒரே வார்ப்பாகச் செய்த, அடியில் குமிழ் வைத்த மலிவான காலணி. ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர்கள் சேற்றில் வழுக்காமல் இருக்கப் போட்டது. இந்த வட்டாரத்தின் கத்தோயாங் போன்ற ரப்பர் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. விலை உயர்ந்த பூட்ஸுகள் ஈரச் சேற்றில் தோற்கும் இடத்தில் இது நிற்கிறது. உபகரணம் பற்றிய பாடத்தை இதிலிருந்து தொடங்கலாம் என்பேன்.

களப்பயணத்துக்கு வடக்கே கோப்பெங் வட்டாரம் உண்டு: கம்பார் ஆற்றில் படகு, தெம்புருங் குகையில் நிலத்தடி ஓடை. ஆற்றோட்டத்தை உலகெங்கும் ஒன்று முதல் ஆறு வரை தரம் பிரிக்கிறார்கள். ஆறாம் தரம் உயிரைப் பணயம் வைப்பது.

சட்டப் பகுதியை மாணவர்கள் சலிப்போடு கடப்பார்கள். அது ஏன் தேவை என்பதை ஒரு விபத்து நினைவூட்டும். 2022 டிசம்பர் 16 அதிகாலையில், பத்தாங் காலியிலிருந்து கெந்திங் போகும் சாலையோரம் கூடார முகாம் ஒன்றின் மேல் மண் சரிந்து 31 பேர் இறந்தார்கள். அந்த இடம் தஞ்சோங் மாலிமிலிருந்து தெற்கே அதிக தூரமில்லை. சாகச நிறுவனங்களின் பாதுகாப்பு மேலாண்மைக்கு 'ஐஎஸ்ஓ 21101' என்ற உலகத் தரம் 2014இலேயே வந்துவிட்டது. மலேசியாவில் சுற்றுலா வழிகாட்டிக்கு உரிமம் வேண்டும். இயற்கைத் தலங்களுக்குப் பச்சை அட்டை, பொது வழிகாட்டிக்கு நீல அட்டை. நிலையான ஒதுக்கக் காட்டுக்குள் அனுமதிச் சீட்டு இல்லாமல் நுழைவது 1984ஆம் ஆண்டுத் தேசிய வனச் சட்டப்படி குற்றம். லியாங் ஏற நினைப்பவர் முதலில் போக வேண்டிய இடம் வனத்துறை அலுவலகம்.