அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு சாப்பாடு: ஏன் இவ்வளவு மெதுவாக?

"நாலு வாய் சாப்பிட்டாத்தானே தெம்பு வரும்?" மருத்துவமனையில் அப்பாவையோ அம்மாவையோ பார்க்கப் போகும் பலர் கேட்பது இது. கையில் தேக்காவில் வாங்கிய இட்லிப் பொட்டலமும் இருக்கும்.

ஆனால் வயிற்று அறுவைச் சிகிச்சையில் சிக்கல் வந்தவருக்கு அந்த நாலு வாயே ஆபத்தாகலாம். ஏன்?

குடல் எப்போது விழிக்கும்?

அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு குடல் கொஞ்ச நேரம் "தூங்கிவிடும்". பொதுவாகச் சிறுகுடல் ஒரு நாளுக்குள் இயங்கத் தொடங்கும். இரைப்பைக்கு 1 முதல் 2 நாள். பெருங்குடலுக்கு 2 முதல் 3 நாள். சிக்கல் இல்லாதவர்களை இப்போதெல்லாம் சீக்கிரமே சாப்பிடச் சொல்கிறார்கள்.

என்ன சிக்கல் வரலாம்?

- குடல் பல நாள் இயங்காமல் இருப்பது. வயிறு உப்பும், வாந்தி வரும்.
- குடலை வெட்டி இணைத்த இடத்தில் கசிவு. கிருமி பரவினால் உயிருக்கே ஆபத்து. மீண்டும் அறுவைச் சிகிச்சை தேவைப்படலாம்.

அதுவரை உடம்புக்கு ஊட்டம்?

மூக்கு வழியாகச் செல்லும் குழாய் மூலமாகவோ நேரடியாக ரத்த நாளத்திலோ கொடுப்பார்கள். ரத்த நாளம் வழியாக மட்டுமே முழு ஊட்டம் கொடுக்க முடியும் என்பதை 1960களில் அமெரிக்க மருத்துவர் ஸ்டான்லி டட்ரிக் நாய்க்குட்டிகளை வளர்த்துக் காட்டி நிரூபித்தார்.

மறுபடி சாப்பிடுவதில் என்ன ஆபத்து?

இரண்டாம் உலகப் போர் முடிந்து, பட்டினி கிடந்த கைதிகளுக்கு உணவு கிடைத்தபோது சிலர் திடீரென மோசமடைந்தனர். நீண்ட நாள் சாப்பிடாத உடம்புக்குள் மாவுச்சத்து வேகமாகச் சென்றால் இன்சுலின் கூடும். ரத்தத்தில் உள்ள பாஸ்பேட், பொட்டாசியம், மெக்னீசியம் உயிரணுக்களுக்குள் போய்விடும். ரத்தத்தில் அவற்றின் அளவு சரியும். இதயத் துடிப்பும் மூச்சும் பாதிக்கப்படலாம்.

அதனால்தான், 5 நாளுக்கு மேல் ஏறக்குறைய ஒன்றுமே சாப்பிடாதவருக்கு முதல் 2 நாள் தேவையில் பாதிக்கு மேல் கொடுக்க வேண்டாம் என்கிறது பிரிட்டிஷ் மருத்துவ வழிகாட்டி. 10 நாளைத் தாண்டினால் இன்னும் குறைவாகத் தொடங்குவார்கள்.

சாப்பாடு எப்படித் திரும்பும்?

பெரும்பாலும் இந்த வரிசையில்:

1. சில வாய் தண்ணீர்
2. வடிகட்டிய சூப்
3. பால், மைலோ, கஞ்சி
4. குழைந்த சோறு, இட்லி, முட்டை, முள் எடுத்த மீன்

கீரைத்தண்டு, முழுப்பயறு, தேங்காய்ச் சில்லு போன்ற நார்ச்சத்து உணவு பிறகுதான். ஒரே தட்டாகச் சாப்பிடாமல் ஐந்தாறு வேளையாகப் பிரித்துக்கொள்ளலாம். வாந்தி வந்தால் ஒரு படி பின்னால் போக வேண்டியிருக்கும். அது தோல்வி இல்லை.

குடும்பத்தினர் என்ன செய்யலாம்?

- வீட்டுச் சாப்பாடு கொண்டுபோகும் முன் தாதியிடமோ உணவியல் நிபுணரிடமோ கேளுங்கள்.
- வற்புறுத்தாதீர்கள். நாக்கில் ருசி திரும்பவும் நாளாகும்.
- வீடு திரும்பியபின் காய்ச்சல், கூடிக்கொண்டே போகும் வயிற்றுவலி, நிற்காத வாந்தி இருந்தால் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். மூச்சுத்திணறல், மயக்கம் என்றால் 995ஐ அழையுங்கள்.

இட்லிக்கும் நேரம் வரும். அது எப்போது என்பதை மருத்துவர் சொல்லட்டும்.