ஒன்றரை ஷிஃப்டுக்கு அப்புறம் எழுதியவர்கள்

திருப்பூரில் நேரத்தை மணியில் சொல்ல மாட்டார்கள், ஷிஃப்டில் சொல்வார்கள். காலையில் எட்டரைக்கு உள்ளே போனால் சாயங்காலம் ஐந்தரைக்கு ஒரு ஷிஃப்ட். எட்டரை வரை நின்றால் ஒன்றரை. ஷிப்மென்ட் நெருக்கடி என்றால் ரெண்டு ஷிஃப்ட், சில சமயம் விடிய விடிய. பவர் டேபிளில் உட்கார்ந்திருப்பவருக்குப் பீஸ் ரேட்; கை நின்றால் காசும் நின்றுவிடும். இப்படி நிமிஷத்துக்கு விலை போட்டிருக்கிற ஊரில் ஒரு ஆள் ராத்திரி வீட்டுக்குப் போய், கம்ப்யூட்டரைத் திறந்து, யாரும் கேட்காத ஒரு கட்டுரையை எழுதுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் என்ன கேட்பார்? "ஏனுங்க, இதுல என்னங்க கிடைக்கும்?"

நியாயமான கேள்விதான். எழுதினால், பேசினால், படம் பிடித்துப் போட்டால் வேலை கிடைக்குமா என்று இன்றைக்கு ரீல்ஸ் போடுகிற தலைமுறையும் இதையே கேட்கிறது. இதற்குப் பதில் சொல்ல, இந்த ஊர் எப்படிப் பிழைக்கக் கற்றுக்கொண்டது என்பதிலிருந்து ஆரம்பிக்கணும்.

கடிதத்தில் வளர்ந்த ஊர்

1920களிலேயே இங்கே பனியன் நெய்யும் மெஷின்கள் வந்துவிட்டன. ஆனால் ஐம்பது வருஷத்துக்கு மேல் திருப்பூர் என்றால் உள்நாட்டுக்கான வெள்ளை பனியன்தான். 1978இல் இத்தாலியைச் சேர்ந்த வெரோனா என்ற இறக்குமதியாளர், மும்பை ஏற்றுமதியாளர்கள் மூலமாக இங்கே வந்தார். அவருக்கு வெள்ளை டி-ஷர்ட் வேண்டியிருந்தது. 1981இல் ஐரோப்பாவின் பெரிய சில்லறை வணிக நிறுவனமான சி அண்ட் ஏ வந்தது. 1980களின் நடுவில் பத்துப் பதினைந்து கோடி ரூபாயாக இருந்த ஏற்றுமதி, 1990இல் முந்நூறு கோடியை ஒட்டி நின்றது. அதே வருஷம் திருப்பூர் ஏற்றுமதியாளர்கள் சங்கம் தொடங்கப்பட்டது.

இந்த வளர்ச்சியைப் பற்றிப் பேசும்போது மெஷினைச் சொல்வோம், நூலைச் சொல்வோம், உழைப்பைச் சொல்வோம். விவசாயக் குடும்பங்களிலிருந்து வந்தவர்கள் தொழிலாளியாக இருந்து முதலாளியான கதையைத்தான் ஆய்வாளர் ஷரத் சாரி 2004இல் வெளியான 'ஃப்ரேடர்னல் கேப்பிடல்' நூலில் ஆராய்ந்தார். தங்கள் முன்னேற்றத்துக்குக் காரணம் உழைப்புதான் என்று அந்த முதலாளிகள் சொல்வதையே அவர் ஆய்வின் மையத்தில் வைத்தார்.

அதோடு சேர்த்து நான் சொல்ல நினைப்பது எழுத்தை. முன்பின் பார்த்திராத ஒருத்தர், ஐயாயிரம் மைல் தள்ளி இருந்துகொண்டு, இன்னும் தைக்காத துணிக்கு ஆர்டர் தர வேண்டும். அவரை நம்பவைக்க என்ன இருக்கிறது? ஒரு சாம்பிள் பீஸ், கூடவே ஒரு கடிதம். முதலில் தபால், பிறகு டெலக்ஸ், ஃபேக்ஸ், 90களின் கடைசியில் மின்னஞ்சல். இந்தக் கடிதப் போக்குவரத்தைச் சுமக்க ஊரில் ஒரு வேலையே உருவானது: மெர்ச்சண்டைசர். "துணி இன்னும் சாயப்பட்டறையிலிருந்து வரலை" என்ற உண்மையை, பையர் கோபப்படாமல், ஆனால் பொய்யும் இல்லாமல், நாலு வரியில் எழுதத் தெரிந்தவர். ஜிஎஸ்எம் தெரிய வேண்டும், சுருக்கம் எத்தனை சதவீதம் என்று தெரிய வேண்டும், அதை அந்நியனுக்குப் புரிகிற மாதிரி சொல்லவும் தெரிய வேண்டும். மூன்றாவது தெரியாதவர் பெரும்பாலும் புரொடக்‌ஷனிலேயே நின்றுவிடுவார்.

ஆக, எழுத்து சோறு போடாது என்று சொன்ன ஊருக்கே பாதிச் சோறு போட்டது எழுத்துதான். அதை யாரும் எழுத்து என்று சொல்லலை, அவ்வளவுதான்.

தமிழில் தட்டச்சு

இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் யூனிகோடு வந்தது, இ-கலப்பை போன்ற இலவச மென்பொருள் வந்தது. 2003வாக்கில் தமிழ் வலைப்பதிவுகள் முளைத்தன. 2004இல் காசி ஆறுமுகம் 'தமிழ்மணம்' திரட்டியைத் தொடங்கினார். எங்கெங்கோ தனித்தனியாக எழுதியவர்களின் பதிவுகள் ஒரே பக்கத்தில் வரிசையாகத் தெரிந்தன. யார் எழுதினாலும் அடுத்த சில நிமிஷத்தில் சிங்கப்பூரிலோ டொரன்டோவிலோ ஒருத்தர் படிப்பார், திட்டுவார், பாராட்டுவார்.

வீட்டில் இணையம் என்பது அப்போது பெரும்பாலானவர்களுக்கு எட்டாத விஷயம். பலர் எழுதியது ஆபீஸ் கம்ப்யூட்டரில்தான். திருப்பூரில் ஏற்றுமதி ஆபீஸ் என்றால் மேஜையில் கம்ப்யூட்டர் இருக்கும், பையருக்கு மெயில் போட இணைப்பும் இருக்கும். இந்த ஊரிலிருந்து வலைப்பதிவர்கள் வந்ததில் அதிசயம் ஒன்றுமில்லை.

இருவரைப் பார்ப்போம். ஒருத்தர் 'பரிசல்காரன்' என்ற பெயரில் எழுதிய கிருஷ்ணகுமார். திருப்பூரில் ஆயத்த ஆடை நிறுவனத்தில் வேலை. தினசரி வாழ்க்கையைச் சிரிக்கச் சிரிக்க எழுதினார். அந்த எழுத்து 'டைரிக்குறிப்பும் காதல் மறுப்பும்' என்ற சிறுகதைத் தொகுப்புக்கு வழிவிட்டது. சில வருஷம் கழித்து 'பரிசல் கிருஷ்ணா' என்ற பெயர் விகடன் இணையதளக் கட்டுரைகளில் வந்தது. பனியன் கம்பெனியிலிருந்து பத்திரிகைக்கு ஒரு பாதை போட்டது வலைப்பதிவு.

இன்னொருவர் ஜோதிஜி. காரைக்குடிப் பக்கத்திலிருந்து பிழைப்புக்குத் திருப்பூர் வந்தவர். 2009இல் 'தேவியர் இல்லம்' என்ற வலைப்பதிவைத் தொடங்கினார். அவர் கையில் எடுத்தது ஊரின் தொழிலையே. ஒரு கம்பெனி எப்படி நிமிர்கிறது, எப்படிச் சாய்கிறது, யார் யாரை ஏமாற்றுகிறார்கள், எந்த இடத்தில் லாபம் ஒழுகுகிறது. உள்ளே இருந்து பார்த்ததை எழுதினார். அப்படி எழுதியது 2013இல் 'டாலர் நகரம்' என்ற புத்தகமானது.

அந்த வருஷங்கள் திருப்பூருக்குச் சாதாரணமானவை இல்லை. 2009 பிப்ரவரியில் ஊர் மாவட்டத் தலைநகரமானது. 2011 ஜனவரியில், நொய்யலில் கழிவு கலப்பதை நிறுத்தாத சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. நூற்றுக்கணக்கான பட்டறைகள் ஒரே அடியாக நின்றன. சாயத்தின் விலையை 1998லேயே 'சாயத்திரை' நாவலில் எழுதியிருந்தார் இங்கேயே வசிக்கும் சுப்ரபாரதிமணியன். அவர் இலக்கியச் சிற்றிதழ் வழியில் வந்தவர். 'கனவு' இதழை நடத்துபவர். ஜோதிஜிக்கு அந்த வழி தெரியாது, தேவையும் படலை. தொழிற்சாலையிலிருந்து நேராக வாசகரிடம் போனார். இரண்டு தலைமுறை, இரண்டு கதவு, ஒரே நொய்யல்.

அவர் வேலையை விட்டுவிட்டு எழுத்தாளர் ஆகலை. ஆடைத் தொழிலிலேயே இருந்தபடிதான் எழுதினார். ஆனால் திருப்பூரைப் பற்றித் தெரிந்துகொள்ள விரும்புகிறவர் படிக்க வேண்டிய பெயர்களில் ஒன்றாக அவர் பெயர் ஆனது. எந்தச் சான்றிதழும் தராத தகுதி அது.

நேர்வழி, பக்கவழி

இங்கே ஒரு கணக்கைப் பார்க்கணும். வலைப்பதிவு எழுதி விளம்பரத்தில் சம்பாதிக்கலாம் என்று ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருந்த காலத்தில், தமிழில் அந்த வழியே திறந்திருக்கலை. கூகுள் ஆட்சென்ஸ் தமிழை அதிகாரபூர்வமாக ஏற்றுக்கொண்டது 2018 பிப்ரவரியில். அதாவது தமிழ் வலைப்பதிவின் பொற்காலம் முழுக்க, சுமார் பதினைந்து வருஷம், நேர்வழியில் காசு கிடையாது.

ஆனால் பக்கவழியில் வேலை வந்தது. வலைப்பதிவில் கவனம் பெற்ற யுவகிருஷ்ணாவும் அதிஷாவும் பத்திரிகையாளர்கள் ஆனார்கள். சினிமா பற்றி எழுதிய கேபிள் சங்கர் 2015இல் 'தொட்டால் தொடரும்' படத்தை இயக்கினார். யாரும் "வலைப்பதிவர் தேவை" என்று விளம்பரம் கொடுக்கலை. ஆளை எடுக்க நினைத்தவருக்கு, இவர் எப்படி யோசிப்பார், எப்படி எழுதுவார், தொடர்ந்து வேலை செய்வாரா என்பதைப் பார்க்க ஐந்நூறு பதிவுகள் கண்முன்னே இருந்தன. திருப்பூர் பாஷையில் சொன்னால், சாம்பிள் பீஸ் ஏற்கெனவே ஷோரூமில் தொங்கிக்கொண்டிருந்தது.

அப்புறம் மேடைகள் மாறின. 2013 ஜூலையில் கூகுள் ரீடர் மூடப்பட்டது. திரட்டிகள் மங்கின, எழுதியவர்கள் ஃபேஸ்புக்குக்குப் போனார்கள். 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டாவைச் சல்லிசாக்கியது. ஆபீஸ் நாற்காலி இல்லாதவர் கையிலும் இணையம் வந்தது. பவர் டேபிள் டெய்லரும், செக்கிங் செய்கிற பெண்ணும், ஒடிசாவிலிருந்து வந்த கைமடிப் பையனும் முதல் தடவையாகக் கேமராவுக்கு முன் வந்தார்கள். 2020 ஜூன் 29 அன்று டிக்டாக் தடை செய்யப்பட்டது. ஒரே ராத்திரியில் லட்சக்கணக்கான ஃபாலோயர்கள் மாயம்.

இன்றைக்குக் காதர்பேட்டைக்குப் போனால் கடைக்குக் கடை போனைப் பிடித்துக்கொண்டு ஒருத்தர் நிற்பதைப் பார்க்கலாம். "துணியைத் தொட்டுப் பாருங்க" என்று சொல்ல முடியாத கேமராவில், துணியை இழுத்துக் காட்டுகிறார், தையலைப் புரட்டிக் காட்டுகிறார். மதுரையிலும் வேலூரிலும் வீட்டிலிருந்தே வாட்ஸ்அப்பில் விற்கிற பெண்கள் அதைப் பார்த்து ஆர்டர் போடுகிறார்கள். கம்பெனிகளிலும் இன்ஸ்டாகிராம் பக்கத்தைப் பார்த்துக்கொள்ள, பொருளைப் படம் எடுக்க, விவரம் எழுத ஆள் தேடுகிறார்கள். நல்லா யோசித்தால் இது புது வேலை இல்லை. பழைய மெர்ச்சண்டைசர் வேலைதான். முகம் தெரியாதவரின் நம்பிக்கையைச் சம்பாதிப்பது. அன்றைக்கு ஃபேக்ஸ், இன்றைக்கு ரீல்.

சொல்லாமல் விடக்கூடாதது

இந்தக் கதையை வெற்றிக்கதையாக மட்டும் முடித்தால் ஏமாற்று வேலை. வலைப்பதிவுக் காலத்தில் பெயர் எடுத்தவர்களில் பெரும்பாலோர் மேஜையும் நாற்காலியும் இருந்தவர்கள். ஒன்றரை ஷிஃப்ட் முடித்து ஹாஸ்டலுக்குத் திரும்புகிற பெண்ணுக்கு எழுத நேரமும் இல்லை, தனி இடமும் இல்லை. ஓவர்டைம் பாக்கியைப் பற்றியோ சூப்பர்வைசரின் வாயைப் பற்றியோ தன் சொந்தப் பெயரில் எழுதினால், அந்தத் திறமை வேலை வாங்கித் தருவதற்கு முன் இருக்கிற வேலையைப் பறித்துவிடலாம். போன் மேஜைத் தடையை உடைத்தது. பயத்தை உடைக்கலை. அதனால்தான் தொழிலாளியின் ரீலில் பாட்டும் ஆட்டமும் நிறைய இருக்கிறது, தொழிற்சாலை குறைவாக இருக்கிறது. அவர்கள் எழுதக்கூடிய 'டாலர் நகரம்' இன்னும் பாக்கி.

இன்னொன்று. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருட்கள் மேல் 50 சதவீத வரி போட்டபோது, அமெரிக்க பையரை மட்டுமே நம்பியிருந்த கம்பெனிகள்தான் முதலில் ஆடிப்போயின. ஒரே மேடையை நம்பிய டிக்டாக் பிரபலத்துக்கு 2020இல் நடந்ததும் அதுதான். பையர் மாறுவார், வரி மாறும், ஆப் மூடப்படும். துணியைப் பற்றித் தெரிந்த அறிவும், அதை அந்நியனுக்குச் சொல்லத் தெரிந்த பழக்கமும்தான் அடுத்த இடத்துக்குக் கூட வரும். பரிசல்காரனின் பெயர் பதிவிலிருந்து பத்திரிகைக்குப் போனது அப்படித்தான். ஜோதிஜியின் பதிவுகள் புத்தகமாக நின்றதும் அப்படித்தான்.

ஆகவே பக்கத்து வீட்டுக்காரருக்குப் பதில்: உடனே ஒன்றும் கிடைக்காதுங்க. முதல் வருஷம் பத்துப் பேர் படிப்பார்கள், அதில் நாலு பேர் சொந்தக்காரர்கள். ஆனால் உங்கள் கைக்கு மட்டும் தெரிந்த ஒரு விஷயம் இருக்கும். ஓவர்லாக் நூல் ஏன் அறுகிறது, ஒரு கம்பெனி ஏன் தீபாவளிக்கு முன்னால் மூடுகிறது, பில்லிங் செக்‌ஷனில் ராத்திரி என்ன நடக்கிறது. அதை வெளியூர்க்காரருக்குப் புரிகிற மாதிரி, பொய் இல்லாமல், வாரம் ஒரு தடவை சொல்லிக்கொண்டே இருங்கள். இந்த ஊர் ஐரோப்பாவுக்குச் சாம்பிள் அனுப்பியதும் இதே நம்பிக்கையில்தான்.