டிக்கெட்டில் யார் பெயர்?



2024 டிசம்பர் 20 அன்று லாஸ்பேட்டை விமான நிலையத்திலிருந்து பெங்களூருக்கும் ஐதராபாத்துக்கும் மறுபடி விமானம் பறக்கத் தொடங்கியது. அதிலிருந்து லிஃப்ட் வாசலில் என்னை நிறுத்திப் பலரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "சார், ஏர்போர்ட்டுக்கு எந்தக் கார்டு எடுத்துக்கிட்டுப் போகணும்?" வங்கியில் வேலை பார்த்தவன் என்பதால் எல்லாக் கார்டும் எனக்குத் தெரியும் என்று ஒரு நம்பிக்கை. பதிலை ஒரு வரியில் சொல்லிவிடலாம். ஆனால் எந்தக் கார்டு என்பதைவிட, அந்தக் கார்டில் என்ன பெயர் இருக்கிறது என்பதுதான் முக்கியம். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஐதராபாத்தில் இருந்த என் அண்ணன் ஆஸ்பத்திரியில் கவலைக்கிடமாக இருப்பதாக இரவில் போன் வந்தது. மகன் அவசரமாக டிக்கெட் போட்டான். அந்தப் படிவத்தில் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம். கடைசிப் பெயர் கட்டத்தில் என் அப்பா பெயரை முழுதாகப் போட்டுவிட்டான். என் ஆதாரிலோ பெயருக்குப் பக்கத்தில் இனிஷியல் ஓர் எழுத்து மட்டும். விமான நிலைய வாசலில் காவலர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஓரமாக நிற்கச் சொன்னார். பின்னால் வந்தவர்கள் எல்லோரும் உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். கடைசியில் என்னைக் காப்பாற்றியது பையில் கிடந்த பழைய பாஸ்புக். அதில் புகைப்படம், அதன்மேல் வங்கி முத்திரை, பக்கத்தில் அப்பா பெயருடன் என் முழுப் பெயர். விட்டுவிட்டார்கள். அண்ணனை உயிரோடு பார்த்தேன். மறுநாள் அவர் இல்லை.

அந்த இரண்டு கட்டங்கள் எங்கிருந்து வந்தன என்று பிறகுதான் யோசித்தேன். தமிழனுக்கு ஏது கடைசிப் பெயர்? அப்பா பெயரின் முதல் எழுத்து, அடுத்து நம் பெயர், அவ்வளவுதான். கல்யாணமானால் பெண்களுக்கு அந்த எழுத்தும் மாறும். ஆனால் புதுச்சேரிக்காரர்களுக்கு இந்தக் கட்டம் கம்ப்யூட்டரோடு வந்ததல்ல. 140 ஆண்டுகளுக்கு முன்பே வந்துவிட்டது.

1881 செப்டம்பர் 21 அன்று பிரெஞ்சு அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. பிரெஞ்சிந்தியாவில் உள்ள இந்தியர்கள் விரும்பினால் தங்கள் சாதி, சமய வழக்கச் சட்டங்களைத் துறந்து, பிரெஞ்சு சிவில் சட்டத்தின்கீழ் வரலாம் என்றது அது. அப்படித் துறந்தவர்களுக்கு 'ரெனோன்சான்' என்று பெயர். துறந்தால் துறந்ததுதான், திரும்ப முடியாது. அதற்கு ஒரு நிபந்தனையும் உண்டு: தலைமுறை தலைமுறையாகத் தொடரும் ஒரு குடும்பப் பெயரை ஏற்க வேண்டும். அந்த இயக்கத்தின் முன்னோடி வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை. 1873இல் ஐரோப்பியச் சப்பாத்து அணிந்து நீதிமன்றத்துக்கு வந்ததற்காகத் தண்டிக்கப்பட்டு, பாரீஸ் வரை வழக்காடி வென்றவர். அவர் எடுத்துக்கொண்ட குடும்பப் பெயர் லபோர்த். பிரெஞ்சில் கதவு என்று பொருள். வெள்ளையருக்குச் சமமான உரிமைக்கு அந்தக் கதவு வழியாகப் போகலாம் என்று அவர் நம்பியிருக்க வேண்டும்.

ஆக, 'நோம்' ஒரு கட்டம், 'பிரேநோம்' ஒரு கட்டம் என்று நம் ஊர்க்காரர்கள் அப்போதே எழுதத் தொடங்கிவிட்டார்கள். பதிவேட்டில் பெயர் ஏறும்போது, எழுதுகிறவர் காதில் விழுந்தபடி பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் ஏறும். நம் ஊர்ப் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். அரிக்கமேட்டில் தோண்டிய பிரெஞ்சு ஆய்வாளர் கசால் 1949இல் வெளியிட்ட நூலின் தலைப்பில் வீராம்பட்டினம், 'விராம்பட்னம்' ஆகிவிட்டது. ஊருக்கே இந்தக் கதி என்றால் ஆளுக்குச் சொல்ல வேண்டுமா? தாத்தா பெயர் பிரெஞ்சுப் பதிவில் ஒரு மாதிரி, பேரன் பெயர் இங்கிலீஷ் சான்றிதழில் வேறு மாதிரி இருக்கும் குடும்பங்கள் இங்கே ஏராளம்.

அடுத்தது, கையில் சீட்டு இல்லாமல் பக்கத்து ஊருக்குப் போக முடியாத காலம். இன்றும் கடலூர் சாலையில் போனால் புதுச்சேரி, தமிழ்நாடு என்று பலகைகள் மாறி மாறி வருகின்றன. பிரெஞ்சு ஆட்சியின் கடைசி ஆண்டுகளில் அவை வெறும் பலகைகள் அல்ல, இரண்டு நாடுகளின் எல்லைகள். சுங்கச் சாவடியும் சோதனையும் பெர்மிட்டும் இருந்தன. பாகூருக்குப் போகிறவர்கூட நடுவில் இந்திய யூனியன் மண்ணைக் கடந்தாக வேண்டும். 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் கூடிய 178 பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்தார்கள். நவம்பர் 1 அன்று ஆட்சி கைமாறியது, சாவடிகள் போயின.

ஆனால் காகிதம் போகவில்லை. 1956இல் கையெழுத்தான ஒப்பந்தம் 1962 ஆகஸ்ட் 16 அன்றுதான் சட்டப்படி நடப்புக்கு வந்தது. இங்கே பிறந்து இங்கேயே வாழ்ந்தவர்கள் இந்தியக் குடிமக்கள் ஆனார்கள். பிரெஞ்சுக் குடியுரிமையே வேண்டும் என்பவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். அதனால்தான் இன்றும் சொல்தா குடும்பங்களில் அண்ணன் கையில் ஒரு நாட்டுப் பாஸ்போர்ட்டும் தம்பி கையில் வேறு நாட்டுப் பாஸ்போர்ட்டும் இருப்பதைப் பார்க்கிறோம். அன்று எழுதிக் கொடுத்த, அல்லது கொடுக்காமல் விட்ட ஒரு தாள் மூன்று தலைமுறையை இரண்டாகப் பிரித்துவிட்டது.

இது எல்லைச் சீட்டின் கதை. உள்நாட்டுக்குள்ளேயே பறப்பவரிடம் "நீ யார்?" என்று கேட்கும் வழக்கம் வேறு காரணத்தால் வந்தது. ஒவ்வொரு விபரீதத்துக்குப் பிறகும் ஒரு பூட்டு கூடியது. 1976 செப்டம்பர் 10 அன்று இந்தியன் ஏர்லைன்ஸ் விமானம் ஒன்று லாகூருக்குக் கடத்தப்பட்டது. அதையொட்டி அமைந்த பாண்டே குழுவின் பரிந்துரைப்படி 1978 ஜனவரியில் விமானப் பாதுகாப்புக்கென ஒரு பிரிவு பிறந்தது. 1984 ஆகஸ்ட் 2 அன்று நம் மீனம்பாக்கத்திலேயே குண்டு வெடித்துச் சுமார் 30 பேர் இறந்தார்கள். குண்டிருந்த பெட்டியைக் கொடுத்தவர் விமானத்தில் ஏறவே இல்லை.

மறு ஆண்டு, 1985 ஜூன் 23 அன்று, ஏர் இந்தியாவின் கனிஷ்கா விமானம் அட்லாண்டிக் கடல்மேல் வெடித்து 329 பேர் மாண்டார்கள். வான்கூவரில் 'எம். சிங்' என்ற பெயரில் டிக்கெட் எடுத்த ஒருவர், பெட்டியை மட்டும் அனுப்பிவிட்டுத் தான் ஏறாமல் நின்றுவிட்டார். அந்த ஆள் யார் என்று இன்றுவரை நிரூபிக்கப்படவில்லை. ஓர் இனிஷியல், ஒரு கடைசிப் பெயர், அவ்வளவுதான் தடயம். இதைப் படித்த பிறகு, என்னை ஓரமாக நிற்க வைத்த காவலர்மேல் இருந்த கோபம் எனக்குப் போய்விட்டது.

கனிஷ்காவுக்குப் பிறகு 1987 ஏப்ரல் 1 முதல் அந்தப் பிரிவு, சிவில் விமானப் பாதுகாப்புப் பணியகம் என்ற தனித் துறை ஆனது. 1999 டிசம்பரில் ஐசி 814 விமானம் கந்தகாருக்குக் கடத்தப்பட்டபின், மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படை 2000 பிப்ரவரியில் முதலில் ஜெய்ப்பூரிலும், பிறகு ஒவ்வொன்றாக மற்ற விமான நிலையங்களிலும் காவலை ஏற்றது.

கேட்கும் அட்டைகளும் அப்படித்தான் ஒவ்வொன்றாக வந்தன. புகைப்பட வாக்காளர் அட்டை 1993இல் சேஷன் காலத்தில் வந்தது. முதல் ஆதார் 2010 செப்டம்பரில் மகாராஷ்டிரத்தின் தெம்பிலி கிராமத்தில் கொடுக்கப்பட்டது. எதை ஏற்பது என்று ஊருக்கு ஊர் குழப்பம் இருந்ததால், பணியகம் 2017இல் பத்து அட்டைகளின் பட்டியலை அறிவித்தது. அவை:

பாஸ்போர்ட், வாக்காளர் அட்டை, ஆதார் (போனில் உள்ள எம்-ஆதாரும் சரி), பான் அட்டை, ஓட்டுநர் உரிமம், பணியிட அடையாள அட்டை, மாணவர் அட்டை, புகைப்படம் ஒட்டிய தேசிய வங்கிப் பாஸ்புக், புகைப்படமுள்ள பென்ஷன் அட்டை, மாற்றுத்திறனாளி அட்டை.

இவற்றில் ஏதாவது ஒன்று போதும். ஜெராக்ஸ் காப்பியை நம்பிப் போகாதீர்கள். பெற்றோருடன் வரும் சிறுவருக்குத் தனி அட்டை வேண்டாம் என்று அந்தச் சுற்றறிக்கை சொன்னது. ஆனாலும் கைக்குழந்தைக்கு விமான நிறுவனம் வயதுச் சான்று கேட்கும், பிறப்புச் சான்றிதழ் கையில் இருக்கட்டும். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள நம் அன்பர்கள், பெங்களூர்தானே என்று பாஸ்போர்ட்டை வீட்டில் வைத்துவிட்டுப் போக வேண்டாம்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று. டிக்கெட் போடும் பிள்ளைகளிடம் "அப்பா பேரு உனக்குத் தெரியாதா?" என்று விட்டுவிடாதீர்கள். எந்த அட்டையைக் காட்டப் போகிறீர்களோ, அதைக் கையில் கொடுத்து, அதில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்துப் போடச் சொல்லுங்கள். இனிஷியல் இருந்தால் இனிஷியல், விரித்து எழுதியிருந்தால் விரிவு. கல்யாணத்துக்குப் பின் இனிஷியல் மாறிய பெண்கள் ஆதார், பான், பாஸ்புக் மூன்றையும் ஒருமுறை பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வேறுபாடு இருந்தால் அவசரம் இல்லாத நாளில் திருத்திவிடுங்கள். அவசரம் வரும் நாளில் அதற்கு நேரம் இருக்காது.

சரிபார்க்க உதவி வேண்டுவோர் ஞாயிறு காலை பத்து மணிக்கு மேல் அசோசியேஷன் அறைக்கு அட்டைகளோடு வரலாம். கண்ணாடியும் பேனாவுமாக அங்கே இருப்பேன்.