நிறைகோலும் மனித உடலும்

நிறைகோல் மிகத் தொன்மையான கருவி. பொன்னையும் மிளகையும் நிறுப்பதற்கு வணிகர் அதனைப் பயன்படுத்தினர். கோயில்களில் துலாபாரம் கொடுக்கும் வழக்கத்தில் மனித உடலும் தட்டில் ஏறியது. ஆயினும் ஆங்கே அளக்கப்பட்டது காணிக்கையே. உடலின் நலத்தை அறியும் பொருட்டு உடலை நிறுத்துப் பார்க்கும் ஆராய்ச்சி ஏறக்குறைய நானூறு ஆண்டுகளுக்கு முன்னர்த் தொடங்கியது. இன்று உடற்பயிற்சியை மேற்கொள்வோர் பலர் முதல் வேலையாக எடை பார்க்கும் கருவி ஒன்றை வாங்குகின்றனர். அது காட்டும் எண் குறைந்தால் மகிழ்கின்றனர், கூடினால் சோர்கின்றனர். அவ்வெண் எதனைக் கூறுகின்றது, எதனைக் கூறாது விடுகின்றது என்பதை அறிய, அது வந்த வழியைக் காணுதல் வேண்டும்.

தொங்கும் நாற்காலி

சந்தோரியோ என்னும் மருத்துவ அறிஞர் 1561ஆம் ஆண்டில், இன்று சுலோவீனியா நாட்டிலுள்ள கோப்பர் நகரில் பிறந்தவர். 1611 முதல் 1624 வரை இத்தாலியின் பதுவா பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பேராசிரியராக விளங்கினார். அவர் பெரியதொரு துலாக்கோலில் நாற்காலி ஒன்றைத் தொங்கவிட்டு, அதில் அமர்ந்தே உணவு உண்டார். உண்ணும் உணவையும் பருகும் நீரையும் நிறுத்தார். வெளியேறிய கழிவுகளையும் நிறுத்தார். தம் உடலையும் நிறுத்தார். அன்றைய உணவு போதிய அளவை எட்டியதும் நாற்காலி கீழே தாழ்ந்து அவருக்கு அறிவிக்கும்! இவ்வாறு ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஆராய்ந்து, தம் முடிபுகளை 1614இல் வெனிசு நகரில் இலத்தீன் மொழியில் நூலாக வெளியிட்டார்.

அவர் கண்ட முடிபு வியப்பூட்டுவது. ஒரு நாளில் எட்டு இறாத்தல் உணவும் பானமும் உட்கொண்டால், அவற்றுள் ஏறத்தாழ ஐந்து இறாத்தல் கண்ணுக்குத் தெரியாமலே உடலை விட்டு நீங்குகின்றது என்றார். தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் செல்லும் நீராவியும், மூச்சில் கலந்து செல்லும் கரியமில வாயுவுமே அவ்வாறு நீங்குவன என்பதை இன்று நாம் அறிவோம். உடலிற் கரையும் கொழுப்பும் பெரும்பாலும் இவ்வழியே செல்கின்றது. 10 கிலோ கொழுப்பு உடலில் எரிந்து தீருமாயின், 8.4 கிலோ கரியமில வாயுவாக மூச்சில் வெளியேறும், எஞ்சிய 1.6 கிலோ நீராகும். இதனை 2014இல் ஆஸ்திரேலிய அறிஞர் இருவர் கணக்கிட்டு வெளியிட்டனர்.

சந்தோரியோ தம்முடைய இன்றைய நிறையைத் தம்முடைய நேற்றைய நிறையோடு ஒப்பிட்டார் என்பதை இங்கு மனத்திற் கொள்க. பின்வந்த அறிஞர் வேறு வழியில் சென்றனர்.

சராசரி மனிதன்

பெல்சிய நாட்டு அறிஞர் அடோல்ப் கெத்தலே (1796–1874) வானநூல் வல்லுநர், புள்ளியியலின் முன்னோடி. விண்மீன்களின் இருப்பைக் கணிக்கும் முறைகளை அவர் மனிதக் கூட்டத்தை ஆராயப் பயன்படுத்தினார். 'சராசரி மனிதன்' என்னும் கருத்தை உலகிற்கு அளித்தவர் அவரே. வளர்ந்த மனிதரிடையே எடையானது உயரத்தின் வர்க்கத்தை ஒட்டிக் கூடுகின்றது என்பதை 1835ஆம் ஆண்டு நூலில் அவர் விளக்கினார். எடையைக் கிலோகிராமிலும் உயரத்தை மீட்டரிலும் கொண்டு, எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தல் இதன் வழிவந்த கணக்கு. 1.60 மீட்டர் உயரமும் 64 கிலோ எடையும் உடையவருக்கு இக்கணக்கு 25 என்னும் விடையைத் தரும்.

கெத்தலே நாடியது மக்கட் கூட்டத்தின் பொது இயல்பை. ஒரு தனி மனிதர் பருத்தவரா, மெலிந்தவரா, நோயுற்றவரா எனத் தீர்ப்பளிக்கும் நோக்கம் அவருக்கு இருந்ததில்லை.

காப்புறுதி அட்டவணை

அத்தீர்ப்பை முதலில் பெரிய அளவில் வேண்டியவர்கள் காப்புறுதி நிறுவனத்தார். எவர் நெடுநாள் வாழ்வார் என்பது அவர்களுக்கு இலாப நட்டக் கணக்கன்றோ? அமெரிக்காவின் மெட்ரோபொலிட்டன் ஆயுள் காப்புறுதி நிறுவனம் 1942இல் பெண்களுக்கும் 1943இல் ஆண்களுக்கும் உரிய எடை அட்டவணைகளை வெளியிட்டது. 1959இல் அவற்றைத் திருத்தியது. உடற்கட்டைச் சிறிது, நடுத்தரம், பெரிது என மூன்றாகப் பிரித்து, உயரத்திற்கேற்ற எடையை அவ்வட்டவணைகள் கூறின. ஒருவரது உடற்கட்டு எவ்வகையைச் சார்ந்தது எனத் துணிவதற்கு முறையான அளவு எதுவும் அவற்றில் தரப்படவில்லை. எனினும் மருத்துவ நிலையங்களின் சுவர்களில் அவை இடம்பெற்றன. கூட்டத்தின் சராசரி தனி மனிதரின் இலக்காக மாறியது.

நீருக்குள் நிறுத்தல்

இம்முறையிலுள்ள குறையை அதே காலத்தில் ஒருவர் வெளிப்படுத்தினார். அவர் அமெரிக்கக் கடற்படை மருத்துவர் ஆல்பர்ட் பெங்க்கி. அவர் கையாண்டது ஆர்க்கிமிடீசு கண்ட பழைய தத்துவமே. மனிதரை முதலில் காற்றிலும், பின்னர் முழுதும் நீரில் மூழ்கச் செய்தும் நிறுத்து, நுரையீரலில் எஞ்சிய காற்றுக்கு ஈடுசெய்தால், உடலின் அடர்த்தி கிடைக்கும். ஒரு கன சென்டிமீட்டர் கொழுப்பின் நிறை ஏறத்தாழ 0.9 கிராம்; கொழுப்பு நீங்கிய உடற்பகுதியின் நிறை ஏறத்தாழ 1.1 கிராம். ஆகவே, அடர்த்தியைக் கொண்டு உடலில் எத்தனை பங்கு கொழுப்பு எனக் கணிக்கலாம்.

1942இல் வெளிவந்த ஆராய்ச்சியில், தேர்ந்த அமெரிக்கக் காற்பந்து வீரர் 25 பேர் இவ்வாறு சோதிக்கப்பட்டனர். எடை அட்டவணைப்படி அவர்களுள் 17 பேர் மிகு எடையர். படைக்கும் முதல்தரக் காப்புறுதிக்கும் தகுதியற்றவர்! ஆனால், அவர்களுட் பலரது உடலில் கொழுப்பு குறைவாகவே இருந்தது. எடை மிகுந்ததற்குக் காரணம் தசை. நிறைகோல் எவ்வளவு என்று சொல்லும். எதனால் ஆனது என்று சொல்லாது. இவ்வுண்மை அன்றே நிலைநாட்டப்பட்டது.

எனினும் எல்லாரையும் நீரில் மூழ்க வைத்தல் இயலுமா? எளிய வழிகளை அறிஞர் நாடினர். தோலின் மடிப்பைக் கிடுக்கியால் பிடித்து அதன் தடிப்பை அளந்து கொழுப்பை மதிப்பிடும் முறை அவற்றுள் ஒன்று. கிளாஸ்கோ நகரில் 481 ஆண் பெண்களை ஆராய்ந்து, அதற்குரிய கணக்கு 1974இல் வெளியிடப்பட்டது. அதற்கு ஈராண்டு முன்னர், 1972இல், ஏன்சல் கீசு என்னும் அமெரிக்க அறிஞர் கெத்தலேயின் கணக்கை மீண்டும் எடுத்து, 'உடல் நிறைக் குறியெண்' எனப் பெயரிட்டார். மக்கட் கூட்டங்களை ஆராய எளிதானது என்பதே அதன் சிறப்பு. உயரமும் எடையும் தெரிந்தால் போதும்; செலவில்லை. அச்சிறப்பினாலேயே அது உலகெங்கும் பரவித் தனி மனிதரையும் அளக்கத் தொடங்கியது. 25க்கு மேல் மிகு எடை, 30க்கு மேல் உடற்பருமன் என்ற எல்லைகளும் வகுக்கப்பட்டன.

மூவினத்தார் உடல்

இவ்வெல்லைகள் பெரும்பாலும் ஐரோப்பிய இனத்தாரின் புள்ளி விவரங்களைத் தழுவியவை. அவை நமக்கும் பொருந்துமா? இவ்வினாவிற்கு விடை கண்ட ஆய்வுகளுள் ஒன்று சிங்கப்பூரில் நடந்தது என்பது நாம் அறிந்து போற்றத்தக்கது. சீனர், மலாய்க்காரர், இந்தியர் ஆகிய மூவினத்தாரின் உடற்கொழுப்பு நுட்பமாக அளக்கப்பட்டு, அதன் முடிவு 2000ஆம் ஆண்டில் வெளிவந்தது. குறியெண் தாழ்ந்திருந்தும் கொழுப்பு மிகுந்திருந்தது! ஐரோப்பியருக்கு 30 என்னும் எல்லை எதனைக் குறிக்கின்றதோ, அதனைச் சீனருக்கும் மலாய்க்காரருக்கும் 27ம், இந்தியருக்கு 26ம் குறிக்கும் என அவ்வாய்வு கூறியது. பின்னர், 2004இல் உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு, ஆசிய மக்களிடையே 23, 27.5 ஆகிய எண்களிலேயே விழிப்பு வேண்டும் என அறிவித்தது. சிங்கப்பூர் 2005இல் அவ்வெண்களை ஏற்றது.

அதே 2004இல் லான்செட் மருத்துவ இதழ் இரண்டு மருத்துவரின் படத்தை வெளியிட்டது. ஒருவர் புனே நகரத்து யாஜ்னிக். மற்றவர் இலண்டன் நகரத்து யுட்கின். இருவருக்கும் குறியெண் 22.3. ஆனால், யுட்கின் உடலில் கொழுப்பு 9.1 விழுக்காடு, யாஜ்னிக் உடலில் 21.2 விழுக்காடு. ஒரே எண், இருவேறு உடல்கள்! காற்பந்து வீரர்கள் எடை மிகுந்தும் கொழுப்புக் குறைந்திருந்தனர். நம்மவருள் பலர் எடை குறைந்தும் கொழுப்பு மிகுந்துள்ளனர். நீரிழிவும் இதய நோயும் மலிந்த நம் சமுதாயத்தில், 'எனக்கு எடை அதிகமில்லை' என்னும் சொல் பாதுகாப்பாகாது.

பள்ளியில் நிறைகோல்

ஆசிரியர்கள் எண்ணிப் பார்க்கவேண்டிய செய்தி ஒன்றும் இவ்வரலாற்றில் உண்டு. சிங்கப்பூர்ப் பள்ளிகளில் 1992இல் 'டிரிம் அண்டு பிட்' என்னும் திட்டம் தொடங்கப்பட்டது. உயரத்திற்கேற்ற எடை கொண்டு மாணவர் பகுக்கப்பட்டனர். எடை மிகுந்தோர் தனியே அழைக்கப்பட்டுக் கூடுதற் பயிற்சி பெற்றனர். பருமனான மாணவர் விழுக்காடு குறைந்தது உண்மை. ஆனால், பெயரின் ஆங்கிலச் சுருக்கத்தைத் திருப்பிப் படித்தால் 'கொழுத்தவர்' என்னும் பொருள் வந்தது. பிள்ளைகள் அதனைக் கண்டுகொள்ளாமல் விடுவார்களா? கேலியும் ஒதுக்கமும் பற்றிய குறைகூறல்கள் எழுந்தன. 2007இல் அத்திட்டம் நிறுத்தப்பட்டு, எல்லா மாணவருக்கும் பொதுவான முழுமை நலத் திட்டம் அதனிடத்தில் வந்தது. நன்னோக்கத்துடன் எடுக்கப்படும் அளவும், ஒரு பிள்ளையை மற்றப் பிள்ளைகளுக்கு எதிரே நிறுத்துமாயின் புண்படுத்தும்.

வீட்டு நிறைகோல்

இன்று கடைகளில் விற்கும் நிறைகோல்கள் கொழுப்பின் விழுக்காட்டையும் காட்டுகின்றன. அவை பாதங்களின் வழியே மிகச் சிறிய மின்னோட்டத்தைச் செலுத்துகின்றன. நீர் நிறைந்த தசை மின்னை எளிதிற் கடத்தும், கொழுப்பு தடுக்கும். அத்தடையோடு உயரம், அகவை, பால் ஆகியவற்றைச் சேர்த்துக் கருவி கணிக்கின்றது. ஆகவே, அது காட்டுவது மதிப்பீடே. நீர் அருந்தியதும் வியர்த்ததும் அவ்வெண்ணை மாற்றும். எடையும் அவ்வாறே. தசையிலும் ஈரலிலும் சேமிக்கப்படும் கிளைக்கோசன் என்னும் மாவுப்பொருள் ஒரு கிராமுக்கு ஏறத்தாழ மூன்று கிராம் நீரை உடன் வைத்திருக்கும். எனவே ஒருநாள் விருந்தும் ஒருநாள் பட்டினியும் கொழுப்பு மாறாதபோதே ஒரு கிலோ வரை ஏற்ற இறக்கம் காட்டக்கூடும்.

பயிற்சி செய்வோர் இதனை அறிந்திருத்தல் நன்று. மூன்று திங்கள் உழைத்து 3 கிலோ கொழுப்பை இழந்து 2 கிலோ தசையைப் பெற்ற ஒருவருக்கு நிறைகோல் 1 கிலோ குறைவையே காட்டும். அவர் மனமுடைந்து பயிற்சியைக் கைவிடுவாராயின், இழப்பு யாருடையது? இடுப்பை நாடாவால் அளந்திருந்தால் உண்மை விளங்கியிருக்கும். ஆதலின், நாளும் ஒரே வேளையில், காலையில் உண்ணுமுன் எடை பார்த்து, ஒரு வாரத்து எண்களின் சராசரியை முந்தைய வாரத்துச் சராசரியோடு ஒப்பிடுக. திங்களுக்கு ஒருமுறை இடுப்பளவையும் குறித்து வருக. கொழுப்பு விழுக்காட்டை அறிய விரும்புவோர் ஒரே கருவியையே பயன்படுத்துக.

இதுவே சந்தோரியோ காட்டிய வழி. அண்டை வீட்டார் எடையோ அட்டவணையின் எடையோ அவருக்குத் தேவைப்படவில்லை. தம் உடலைத் தம் உடலோடு ஒப்பிட்டுப் பொறுமையுடன் முப்பது ஆண்டுகள் குறித்து வந்தார். மாணவர் ஒருவரின் வளர்ச்சியை அவரது முந்தைய ஏட்டோடு ஒப்பிட்டுக் காணும் நல்லாசிரியர்களுக்கு இம்முறை புதிதன்று. அப்பார்வையை நம் உடலின்பாலும் செலுத்துவோமாக.